ராத்திரி எங்கே இருந்தாய்? குடும்பமும் இளையோர் குற்றமும்: பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்து ஒரு பார்வை

பொன்னேரியிலிருந்து கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. விடியற்காலை ஏலம் நடக்கும் நேரத்தில் ஏரிக்கரையில் நின்றால் ஒரு குடும்பத்தின் முழு நாளையும் அங்கேயே பார்த்துவிடலாம். இரவெல்லாம் தண்ணீரில் கிடந்த ஆண்கள் படகை இழுத்துக் கட்டுகிறார்கள். பெண்கள் கூடையோடு ஏலத்தைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஏலம் முடிந்ததும் இறாலையும் மடவையையும் ஐஸ் போட்டு மூடிக்கொண்டு பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் பஸ் ஏறிவிடுவார்கள். அப்பா தூங்கப் போகிறார், அம்மா கிளம்பிவிட்டாள், பள்ளிக்கூட மணி அடிக்க இன்னும் நேரமிருக்கிறது.

அப்படி ஒரு காலையில் வலைக் குவியலின் மேல் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பதினான்கு வயது இருக்கலாம். கூடையோடு கடந்துபோன ஒரு கிழவி நின்றாள்.

"இன்னா நைனா, ராத்திரி ஊட்டுக்கு வரல? எங்க படுத்த?"

"பாலத்தாண்ட, ஆயா."

"யாரு கூட?"

பையன் மூன்று பெயர்களைச் சொன்னான். ஒவ்வொரு பெயருக்கும் "அவன் யாரு மவன்?" என்று கேட்டாள். மூன்றாவது பெயருக்கு அவனிடம் பதில் இல்லை. கிழவி கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். "தெரியாதவங்கூட இன்னாடா படுக்கை? மூஞ்சக் கழுவிக்கினு ஊட்டுக்குப் போ. சாயங்காலம் வந்து உன்னாண்ட பேசுறேன்." அவள் அந்தப் பையனின் சொந்தப் பாட்டிகூட இல்லை என்று பிறகு தெரிந்தது.

ஒரு நிமிடம்கூட ஆகாத அந்தப் பேச்சு எனக்கு மறக்கவில்லை. குடும்பம் இளைஞனை எப்படிக் குற்றத்திலிருந்து காக்கிறது, எப்போது காக்கத் தவறுகிறது என்று உலகின் பல ஊர்களில் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆய்வுகளை அடுக்கி வைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கிழவியின் மூன்று கேள்விகளிடமே வந்து சேர்கிறேன். குடும்பத்தின் வடிவத்தைவிட, பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்று அறிந்த கண்கள் எத்தனை என்பதே முக்கியம். அந்தக் கண்கள் விழித்திருக்க முடியுமா என்பதை அந்த ஊரின் பிழைப்புதான் தீர்மானிக்கிறது. இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

தயாராக இருக்கும் இரண்டு பதில்கள்

ஒரு சிறுவன் செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடினான், கத்தியோடு பிடிபட்டான் என்று செய்தி வந்தால் நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, வளர்ப்பு சரியில்லை. மற்றொன்று, வறுமை. முதல் பதில் தாயைக் கூண்டில் ஏற்றுகிறது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்ற பழமொழியும் துணைக்கு வந்துவிடும். இரண்டாவது பதில் ஏழைகள் எல்லாரையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. கடலோரக் குப்பங்களில் வளரும் பிள்ளைகள் இந்த இரண்டு பழிகளையும் சேர்த்தே சுமக்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் எந்த வம்புக்கும் போகாமல் வளர்ந்து, படகோட்டியோ ஆசிரியையோ ஆகிறார்கள் என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நாடெங்கும் சிறார் மீது பதிவான வழக்குகள் 30,555. பிடிபட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள். அதே காப்பகத்தின் அறிக்கைகள் மற்றொன்றையும் காட்டுகின்றன: பிடிபடும் சிறாரில் மிகப் பெரும்பாலோர் பெற்றோருடன் வாழ்கிறவர்கள். வீடற்றவர்கள் சிறு பகுதியே. நாட்டிலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோர் பெற்றோருடன்தானே வாழ்கிறார்கள் என்று கேட்கலாம். சரியான கேள்விதான். ஆகவே இந்த எண்ணை வைத்துக் குடும்பத்துக்குப் பங்கில்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் அப்பா அம்மா இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கையை அது ஆட்டிவிடுகிறது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். போலீஸ் கணக்கு, தப்பு செய்தவர்களின் கணக்கு அல்ல, பிடிபட்டவர்களின் கணக்கு. வசதியான வீட்டுப் பையன் செய்த அதே காரியம் அப்பாவின் ஒரு போன் பேச்சில் முடிந்துவிடலாம். குப்பத்துப் பையனுடையது வழக்காகும்.

ஆய்வுகள் கண்டது

அமெரிக்காவில் ஷெல்டன் க்ளூக், எலினார் க்ளூக் தம்பதியர் பாஸ்டன் நகரில் குற்றத்தில் சிக்கிய 500 சிறுவர்களையும் சிக்காத 500 சிறுவர்களையும் ஒப்பிட்டு 1950இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். இரு தரப்பாரும் ஏழைக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களே. அப்படியிருந்தும் வேறுபாடு வீட்டுக்குள் தெரிந்தது: தாயின் கண்காணிப்பு, தந்தையின் கண்டிப்பு எந்த விதமானது, பிள்ளை மீதான பாசம். அந்த ஆய்வின் தாள்கள் ஹார்வர்டு சட்ட நூலகத்தின் நிலவறையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் இருவரும் அவற்றை எடுத்துக் கணினியில் ஏற்றி மறுபடி ஆராய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு இந்தத் துறையின் திருப்புமுனை. வறுமை பெரும்பாலும் நேராகப் பிள்ளையிடம் போய்க் குற்றமாக மாறுவதில்லை. முதலில் அது வீட்டுக்குள் நுழைந்து, பெற்றோரின் நேரத்தையும் பொறுமையையும் தின்கிறது. பிள்ளையை எட்டுவது அதன் பிறகுதான். மேலே சொன்ன இரண்டு பதில்களும் உண்மையில் ஒரே சங்கிலியின் இரண்டு கண்ணிகள்.

"அப்பன் இல்லாத பிள்ளை" என்ற சொல்லுக்கு விடை சொன்னவர் ஜோன் மெக்கார்ட். மாசசூசெட்ஸில் வளர்ந்த சிறுவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1982இல் அவர் கண்டது இது: பெற்றோர் பிரிந்து, தாயின் பாசமும் கிடைக்காத வீடுகளில் வளர்ந்தவர்களில் 62 சதவீதம் பேர் பிற்பாடு குற்றத்தில் சிக்கினார்கள். பெற்றோர் சேர்ந்திருந்தும் ஓயாத சண்டை நடந்த வீடுகளில் 52 சதவீதம். சண்டையில்லாத சேர்ந்த வீடுகளில் 26 சதவீதம். பிரிந்த வீடாக இருந்தும் பாசமுள்ள தாயிடம் வளர்ந்தவர்களில் 22 சதவீதம். கடலுக்குப் போன கணவன் திரும்பாமல் போய்த் தனியாளாகப் பிள்ளை வளர்க்கும் ஒவ்வொரு தாய்க்கும் இந்த எண்களை வாசித்துக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

தென் லண்டனில் 411 சிறுவர்களை 8 வயதிலிருந்து பின்தொடரும் ஆய்வு 1961இல் தொடங்கியது. டொனால்டு வெஸ்ட் தொடங்கி டேவிட் ஃபாரிங்டன் தொடர்ந்த அந்த ஆய்வில், மொத்தத் தண்டனைகளில் ஏறத்தாழ பாதி வெறும் 6 சதவீதக் குடும்பங்களுக்குள் குவிந்திருந்தது. குற்றம் குடும்பத்துக்குள் சுற்றுகிறது என்பது உண்மை. ஆனால் அது ரத்தத்தில் வருகிறதா, வறுமையில் வருகிறதா, அந்தத் தெருவில் வருகிறதா, அந்த வீட்டுக் கதவை மட்டுமே திரும்பத் திரும்பத் தட்டும் போலீசால் வருகிறதா என்பதைப் பிரித்தறிவது கடினம்.

1986இல் ரால்ஃப் லோபரும் மக்டா ஸ்டவுட்ஹாமர்-லோபரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து எடை போட்டார்கள். பிள்ளையின் மீது கண் இல்லாமை, பிள்ளையோடு சேர்ந்து எதுவும் செய்யாமை, பிள்ளையை ஒதுக்குதல் ஆகியவை வலுவான காரணிகளாக நின்றன. பெற்றோர் பிரிவு, தந்தை இல்லாமை போன்றவை அவற்றைவிட வலுக் குறைந்தவை.

ஏரி தந்த ஒழுங்கு

இந்த முடிவுகளைப் பழவேற்காட்டில் வைத்துப் பார்ப்போம். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழகத்தில். கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய, பட்டினவர் என்ற மீனவச் சாதியின் ஊர்களில் பாடு முறை என்ற ஏற்பாடு தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். உரிமை தலைக்கட்டு (ஊரின் கணக்கில் வரும் குடும்பத் தலைவர்) வழியாக வருகிறது. மீன்பிடி நிர்வாகம் படிக்கிறவர்கள் பாடு முறையை வளப் பங்கீடாகப் பார்க்கிறார்கள். அது பிள்ளை வளர்ப்பும்கூட. நாளைக்கு நானும் ஒரு தலைக்கட்டு ஆவேன் என்று தெரிந்த பையனுக்கு, ஊர் தன்னை எப்படிப் பார்க்கிறது என்பது முக்கியம். அவனிடம் இழப்பதற்கு ஒன்று இருக்கிறது. டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் சொன்ன கோட்பாடும் இதுதான்: மனிதன் ஏன் குற்றம் செய்கிறான் என்று கேட்காதே, ஏன் செய்யாமல் இருக்கிறான் என்று கேள், விடை, அவனை இழுத்துப் பிடிக்கும் கட்டுகளில் இருக்கும்.

அந்தக் கட்டு வேலையின் வழியாகவும் வந்தது. அப்பாவோடும் சித்தப்பாவோடும் படகில் போன பையன் இரவில் எங்கே இருந்தான் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவர்களோடுதான் இருந்தான். படிப்பை விட்டான் என்ற பெருங்குறை அதில் உண்டு. அதைப் பொற்காலமாகப் பாட எனக்கு விருப்பமில்லை. பாடு உரிமை சாதிக்குள் அடைபட்டது. இறாலைக் கையால் தடவிப் பிடித்து வாழும் இருளர் குடும்பங்களும் மற்ற பலரும் அதற்கு வெளியே நின்றார்கள். ஆனாலும் வேலையும் கண்காணிப்பும் ஒரே படகில் இருந்தன என்பது உண்மை.

இப்போது அந்தப் படகு தள்ளாடுகிறது. முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோகிறது. கடல்நீர் உள்ளே வராத மாதங்களில் இறால் குறைகிறது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் வந்தது; காட்டுப்பள்ளித் துறைமுகம் அதற்குப் பிறகு. கரை அரிப்பு, சேறு, கழிவுநீர் என்று மீனவர்கள் சொல்லும் குறைகள் நீள்கின்றன. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்த எண்ணெய் பல குப்பங்களின் வேலையை நிறுத்தியது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடலுக்குப் போக முடியாது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

மீன் குறைந்தால் அப்பா கூடுதல் நேரம் தண்ணீரில் இருக்கிறார். இல்லையென்றால் வேறு துறைமுகத்துக்குக் கூலியாகப் போகிறார். அல்லது வேலையின்றி வீட்டில் குமைகிறார். அம்மா இன்னும் தூரச் சந்தைக்குப் போகிறாள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ துறைமுக ஒப்பந்த வேலைக்கோ அண்ணன் ஷிப்ட் பார்க்கப் போகிறான். வீட்டில் ஐந்து பேர் இருந்தும், ஒரு மாலையில் கதவைத் திறக்கும் பையனுக்கு ஒருவரும் இல்லை. எண்ணிக்கையில் இது முழுக் குடும்பம். லோபர் தம்பதியர் பார்த்த கண்ணால் பார்த்தால், கண் இல்லாத குடும்பம். அந்தக் கண்ணைக் குருடாக்கியது அவர்களுடைய சோம்பல் அல்ல. தூர்ந்துபோன முகத்துவாரத்துக்கும் பாலத்தடியில் உறங்கும் பையனுக்கும் நடுவே இப்படி ஒரு வழி இருக்கிறது.

குடியும் அடியும்

இருந்தும் எல்லாவற்றையும் ஏரியின் தலையில் கட்டிவிட முடியாது. வீட்டுக்குள் நடக்கும் அடி, வீட்டின் பொறுப்பு. கேத்தி விடோம் 1989இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளான பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் சிறார் பருவத்திலேயே கைதானார்கள். ஒப்பிடப்பட்ட மற்றப் பிள்ளைகளில் அது 17 சதவீதம். இந்த எண்ணில் இரண்டு செய்திகள் உண்டு. அடி, ஆபத்தைக் கூட்டுகிறது. அதே சமயம், அடிபட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் சிறார் பருவத்தில் கைதாகவில்லை. அடிவாங்கி வளர்ந்தவன் எப்படியும் ரவுடியாவான் என்று சொல்கிறவர்கள் இந்த மூன்று பேரையும் அவமதிக்கிறார்கள்.

அடியின் தன்மையும் முக்கியம். ஓரிகானில் ஜெரால்டு பேட்டர்சன் கண்டதைக் குப்பத்து மொழியில் சொன்னால் இப்படி இருக்கும்: ஒரு நாள் செய்த தப்புக்கு அடி, அதே தப்பு மறுநாள் செய்தால் சிரிப்பு, குடித்திருந்தால் காரணமில்லாமல் அடி. பையன் கற்றுக்கொள்வது நல்லது கெட்டதை அல்ல, அப்பாவின் மூச்சு வாடையை. பெரிய குரலில் கத்தினால் எதிராளி பின்வாங்குவான் என்பதையும் கற்றுக்கொள்கிறான். அந்தப் பாடத்தை அவன் பள்ளிக்கூடத்துக்கும் ரயிலுக்கும் எடுத்துச் செல்கிறான். பொன்னேரி, மீஞ்சூர் வழியாகச் சென்னைக்கு ஓடும் கும்மிடிப்பூண்டி மின்ரயில் தடத்தில் "ரூட்டு தல", அதாவது அந்தத் தடத்தின் தலைவன், யார் என்று மாணவர்கள் மோதிக்கொள்வது நமக்குப் புதிதல்ல. வீட்டில் மதிப்பு கிடைக்காதவனுக்கு ஒரு பெட்டி நிறையப் பேர் தன் பெயரைக் கத்துவது பெரிய விருந்து.

ஊர் என்னும் பெரிய வீடு

மீனவர் ஊரில் குடும்பம் நான்கு சுவரோடு முடிவதில்லை. ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, கட்டுப்பாடு உண்டு, தப்புக்கு அபராதம் உண்டு. பையன் திருடினால் போலீசுக்கு முன் பஞ்சாயத்துக்குப் போகும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. அதன் நன்மை பெரியது: சிறு தப்பு, பையனின் பெயரோடு ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுதும் வராமல் அங்கேயே தீர்கிறது. தீமையும் உண்டு. பெண் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை "நமக்குள்ள பேசிக்கலாம்" என்று மூடிவிடும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. குப்பத்துக்கும் குப்பத்துக்கும் எல்லைத் தகராறு வந்து, பெரியவர்கள் கம்போடு கிளம்பும்போது பையன்களும் பின்னால் ஓடுகிறார்கள். அன்று அவர்கள் செய்தது வீரம் என்று புகழப்படுகிறது. மறுமாதம் அதையே தனியாகச் செய்தால் குற்றம் என்கிறோம்.

பெரியவர்களின் பகை பிள்ளைகளின் கைக்கு எப்படி வருகிறது என்பதை 2023 ஆகஸ்டில் நாங்குநேரி காட்டியது. பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வீடு புகுந்து வெட்டியதாகப் பிடிபட்டவர்கள் உடன் படித்த சிறுவர்கள். அந்த வெறியை அவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்க மாட்டார்கள். வீட்டுத் திண்ணையிலும் ஊர்ப் பேச்சிலும் கேட்டு வளர்ந்தது அது. குடும்பத்தின் பாசம் மட்டும் போதாது. அந்தப் பாசம் யாரை வெறுக்கச் சொல்லித் தருகிறது என்பதையும் கேட்க வேண்டும்.

சட்டம் பார்க்கும் குடும்பம்

சிறாருக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றியது சென்னை மாகாணம், 1920இல். இன்று நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். பிடிபட்ட சிறுவனை லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பெற்றோருக்குத் தகவல் சொல்ல வேண்டும். நன்னடத்தை அலுவலர் 2 வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். 16 வயது தாண்டியவர்கள் மீது, குறைந்தது 7 ஆண்டு தண்டனைக்குரிய கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், அவர்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிட வேண்டும்.

சட்டத்தின் மனசு நல்லது. குடும்பத்தை முதல் பொறுப்பாளராகவும், விடுதியைக் கடைசி வழியாகவும் அது வைக்கிறது. ஆனால் நடைமுறையில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு தாய் ஏலத்தை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டும். அன்றைய மீன் இல்லை; அன்றைய காசு இல்லை. பிள்ளைக்காக வந்த தாய் மறுபடி வட்டிக்கு வாங்குகிறாள். வறுமை வீட்டுக்குள் நுழைந்து கண்ணைக் குருடாக்கும் வேலையை இப்போது நீதியின் பெயரால் நாமே செய்கிறோம்.

குடும்பத்திடமிருந்து பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் ரத்த சாட்சி இருக்கிறது. 2022 டிசம்பர் 31 அன்று செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட்டு வழக்கில் கொண்டுவரப்பட்டவன். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்களே கைதானார்கள். இல்லங்களைச் சீரமைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. பெற்றோர் சரியில்லை என்று அரசு ஒரு பிள்ளையை எடுத்துக்கொண்டால், அன்றிலிருந்து அரசே அவனுக்குப் பெற்றோர். அந்தப் பெற்றோரின் வளர்ப்பைப் பற்றியும் நாம் அதே கடுமையோடு பேச வேண்டும்.

என்ன செய்யலாம்

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் நடந்த கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டத்தில் 1939 முதல் சிறுவர்களுக்கு வழிகாட்டிகளை அனுப்பினார்கள். கோடை முகாமுக்கு அழைத்துப் போனார்கள். 30 ஆண்டு கழித்து மெக்கார்ட் பார்த்தபோது உதவி பெற்றவர்களின் நிலை பெறாதவர்களைவிடச் சில வகைகளில் மோசமாகவே இருந்தது. வம்புக்காரப் பையன்களை ஒரே இடத்தில் திரட்டி வைப்பது அவர்களை ஒருவருக்கொருவர் ஆசிரியராக்கிவிடுகிறது. அதற்கு நேர்மாறான முடிவைத் தந்தது நியூயார்க் மாநிலத்தின் எல்மைராவில் டேவிட் ஓல்ட்ஸ் நடத்திய திட்டம். ஏழைக் கர்ப்பிணிகளின் வீட்டுக்குச் செவிலியர் சென்றார்கள். குழந்தைக்கு 2 வயது ஆகும்வரை போய் வந்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 15 வயதானபோது கைதுகள் குறைவாக இருந்தன. குற்றத்தைத் தடுக்கும் வேலை, நம் ஊர்க் கிராமச் செவிலியர் கதவைத் தட்டும்போதே தொடங்கலாம்.

ஹவாயில் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் பின்தொடர்ந்தார். கடும் இடர்களில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதர்களாக எழுந்து நின்றார்கள். அவர்களில் பலருக்குப் பொதுவாக இருந்தது, தன்னை விடாமல் பார்த்துக்கொண்ட ஒரு பெரியவர். பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டியாக, ஆசிரியராக, பக்கத்து வீட்டாராக இருந்தாலும் போதும்.

பழவேற்காட்டுக்கு இதிலிருந்து எடுக்க வேண்டியவை எளியவை. அம்மா சந்தைக்குப் போன காலையிலும் அப்பா ஏரிக்குப் போன மாலையிலும் பிள்ளைகளுக்குக் குப்பத்துக்குள்ளேயே ஒரு திறந்த கதவு வேண்டும். 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளியில் காலை நேரத்துக்கு ஒரு கண்ணை வைத்தது. இல்லம் தேடிக் கல்வி மாலையில் ஒரு தன்னார்வலரைத் தெருவுக்கே கொண்டுவந்தது. இரண்டுமே எட்டாத வயது, 14 முதல் 17. ஆபத்து கூடும் வயதும் அதுதான். தடைக்காலத்தில், விசைப்படகுகளில் கூலிக்குப் போகும் அப்பாக்கள் கரையில் இருக்கிறார்கள். அந்த 61 நாட்களை மதுக்கடைக்குக் கொடுக்காமல் மகன்களோடு படகு பழுது பார்ப்பதற்கும் என்ஜின் வேலை சொல்லித் தருவதற்கும் திருப்ப ஊர்ப் பஞ்சாயத்தால் முடியும். மூன்று நாள் பள்ளிக்கு வராத பையனின் பெயர் அதே வாரம் ஊருக்குத் தெரிய வேண்டும். குழுமத்தின் வாய்தா, மீன் ஏலத்தோடு மோதாத நேரத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஏரி உயிரோடு இருக்க வேண்டும். முகத்துவாரத்தைக் காப்பது பிள்ளைகளைக் காப்பதும்தான்.

நன்னடத்தை அலுவலர் நிரப்பும் சமூக விசாரணை அறிக்கையில் அப்பாவின் தொழில், வருமானம், வீட்டில் எத்தனை பேர் என்றெல்லாம் கட்டங்கள் உண்டு. நான் அதில் ஒரே ஒரு கட்டம் சேர்ப்பேன்: இவன் ஓர் இரவு வீட்டுக்கு வராவிட்டால் முதலில் தேடுகிறவர் யார்? பையன் தயங்காமல் ஒரு பெயரைச் சொன்னால், அது யாராக இருந்தாலும், அவனை அவரிடம் அனுப்பிவைக்கலாம். சொல்ல ஒரு பெயரும் இல்லையென்றால் குழுமத்தின் முதல் வேலை தண்டனையை முடிவு செய்வதல்ல, கூடையைக் கீழே இறக்கி வைத்து நிற்கும் ஒருவரை அவனுக்குத் தேடித் தருவது.